மின்வெட்டு யார் தலையில் விடிகிறது?

2012 ஜூலை 30 அதிகாலை 2.33 மணிக்கு வட இந்திய மின்தொகுப்பு சரிந்தது. மறுநாள் பகல் ஒரு மணிக்கு வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் சேர்ந்து விழுந்தன. ஏறத்தாழ 60 கோடி மக்கள் வாழும் நிலப்பரப்பு அது. மேற்கு வங்கத்திலும் ஜார்கண்டிலும் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் நிலக்கரிச் சுரங்கங்களுக்குள் சிக்கிக்கொண்டார்கள். அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி வெட்டித் தருகிறவர்களை மேலே கொண்டுவர மின்சாரம் இல்லை!

மின்சார அமைச்சகம் அமைத்த குழு ஆகஸ்ட் 16 அன்று அறிக்கை தந்தது. மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் தானே முன்வந்து விசாரித்தது. பினா - குவாலியர் 400 கிலோவோல்ட் பாதை துண்டிக்கப்பட்டது, சில மாநிலங்கள் ஒதுக்கீட்டுக்கு மேல் மின்சாரத்தை இழுத்தன என்பதெல்லாம் வெளிவந்தது. எந்தப் பாதை, எத்தனை மெகாவாட் என்று விசாரணை கேட்டது சரிதான். ஆனால் இருட்டில் கிடந்தவர்கள் யார் என்பது அதன் கேள்வியாக இல்லை.

அதற்கு முந்தைய ஆண்டு எடுத்த மக்கள்தொகைக் கணக்கைப் பாருங்கள். மின்விளக்கு எரிந்த வீடுகள் நாடு முழுக்க 67 விழுக்காடு. பட்டியல் சாதியினரிடையே 59 விழுக்காடுதான். தொகுப்பு சரியாத நாளிலும் அவர்களின் வீடுகளில் ஐந்தில் இரண்டுக்கு இருட்டுதான்.

தமிழ்நாடு அப்போது அந்தத் தொகுப்போடு ஒத்திசைந்து இணைக்கப்படவில்லை. அதனால் தப்பினோம். ஆனால் இங்கே இருள் ஆணை போட்டு வந்தது. அதே 2012இல் சென்னைக்கு இரண்டு மணி நேர வெட்டு. மற்ற மாவட்டங்களுக்கு அறிவிப்பிலேயே நான்கு மணி நேரம். ஆண்டு முடிவதற்குள் பல ஊர்களில் அது பத்து மணி நேரத்தைத் தாண்டியது. பற்றாக்குறையை உண்டாக்கியது இயற்கை இல்லை என்று விட்டுவிடலாம். அதைப் பங்கிட்டதும் இயற்கை இல்லையே! எந்த ஃபீடரை எப்போது நிறுத்துவது என்பதை மனிதர்கள்தான் முடிவு செய்கிறார்கள்.

கூனிமேடு, மரக்காணம் கடற்கரையில் விடியுமுன் உப்பளத்தில் இறங்குகிறவருக்கு இரவுத் தூக்கம்தான் மறுநாள் கூலி. புழுக்கத்திலும் கொசுக்கடியிலும் விசிறி நின்றால் அந்தக் கூலியில்தான் வெட்டு விழுகிறது. ஊருக்கு முதலில் போன கம்பி, சேரிக்குக் கடைசியில் வந்த வரலாறு நமக்குத் தெரியும். வெட்டும் திரும்பக் கொடுப்பதும் அதே வரிசையில்தான் நடக்கிறதா? வாரியத்திடம் ஃபீடர்வாரிக் கணக்கு உண்டு. குடியிருப்புவாரியாக அதைப் பிரித்துப் பார்க்க என்ன தடை?

2020ஆம் ஆண்டின் மின்நுகர்வோர் உரிமை விதிகள் 24 மணி நேர மின்சாரத்தையும், தவறினால் இழப்பீட்டையும் உரிமையாக்கியுள்ளன. ஆகவே தோழர்களே, உங்கள் துணைமின் நிலையத்தின் கடந்த ஓராண்டு மின்தடைக் கணக்கைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஊர்த்தெருவுக்கு எத்தனை மணி நேரம், சேரிக்கு எத்தனை மணி நேரம் என்று எழுதி வையுங்கள். அந்தத் தாளோடு ஒழுங்குமுறை ஆணையத்தின் பொது விசாரணைக்குப் போவோம். இனி வரும் ஒவ்வொரு விசாரணையும் மெகாவாட்டோடு மனிதர்களையும் எண்ணட்டும்.