காணிக்குப் பதிலாகக் கைவினையா?

காணியை இழந்து வந்த குடும்பங்களைத் தேடி முதலில் வருவது பெரும்பாலும் ஒரு பயிற்சி வகுப்புத்தான். பாய் இழைத்தல், தையல், மெழுகுவர்த்தி என்று அதற்குப் பல பெயர்கள். வகுப்பின் முடிவில் சான்றிதழும் குழுப் படமும் கிடைக்கும். செய்த பொருளை யார் வாங்குவார் என்ற கேள்வி மட்டும் அங்கே எழுவதில்லை.

கலையும் கைவினையும் பொருளாதாரத்தை வளர்க்கும் என்று இப்போது பலரும் பேசுகின்றனர். அது பொய்யல்ல. எந்த நிலையில் அது மெய்யாகும் என்பதை அறிய நாம் கலேவெலயை விட்டு வெகுதூரம் போகவேண்டியதில்லை. தம்புள்ளைக் குகை விகாரையின் ஓவியங்களிற் பெரும்பகுதி 18ஆம் நூற்றாண்டில், கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்தில் புதுப்பிக்கப்பட்டது. அந்தக் கலையோடு சேர்த்துச் சொல்லப்படுகிறவர்கள் நீலகமப் பரம்பரை ஓவியர்கள். கண்டி இராச்சியத்தில் இப்படிப்பட்ட கைவினைஞருக்குக் கூலி வயலாகவே கிடைத்தது. வயலை அனுபவித்தவர் அதற்கு ஈடாக அரண்மனைக்கோ விகாரைக்கோ தம் கைவேலையைச் செலுத்தினார். ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட பெருநூலில் இதனை விரிவாக எடுத்துக்காட்டுகிறார். வீட்டில் நெல் இருந்தபடியால் தூரிகை அவசரப்படவில்லை. 1830களில் ஆங்கில ஆட்சி இராசகாரியத்தை நீக்கியது. கட்டாய ஊழியம் ஒழிந்தது நல்லதே. ஆனால் கைவினைஞரைத் தாங்கி நின்ற பழைய ஏற்பாடும் அதனோடு தளர்ந்தது.

நமது மாவட்டத்துப் பல்லே ஹபுவித கிராமத்தைப் பாருங்கள். அங்கே அரக்கைச் சூடாக்கி நூலாக இழுத்து, பெருவிரல் நகத்தால் மரத்திற் பதித்துக் கோலமிடுவார்கள். தெற்கே அங்கல்மடுவையில் அரக்கு வேலை கடைசலிற் செய்யப்படுகிறது. நகத்தால் செய்வதற்கும் கடைசலில் முடிப்பதற்கும் பிடிக்கும் நேரம் ஒன்றல்ல. கடைத்தட்டில் இரண்டும் அருகருகே இருந்தால் வாங்குபவருக்கு அது தெரியவா போகிறது? விலை பேசுகிறவரும் சொல்லப்போவதில்லை.

குருநாகலிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் பாதை நம் ஊருக்கூடாகத்தான் செல்கிறது. சீகிரியாவுக்குப் போகும் வாகனங்களைத் தினமும் காண்கிறோம். அவற்றை மட்டும் நம்பித் தொழில் தொடங்குவது ஆபத்து. 2018இல் இலங்கைக்கு வந்த உல்லாசப் பயணிகள் 23 இலட்சத்துக்கும் அதிகம். 2021இல் 2 இலட்சம்கூட இல்லை. இடையிலே 2019இன் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பும் அதன் பின்னர் கொரோனாவும் வந்தன. அந்த ஆண்டுகளில் கைவினையோடு ஒரு துண்டு வயலும் வைத்திருந்த வீடு எப்படியோ சமாளித்திருக்கும். கைவினை ஒன்றையே நம்பியிருந்த வீட்டின் நிலையைச் சொல்லவேண்டுமா?

2017இல் மொரகஹகந்த நீர்த்தேக்கத்தில் நீர் நிரப்பத் தொடங்கியபோது வயல்கள் மட்டுமா போயின? பன் அறுத்த குளக்கரையும் நார் எடுத்த காடும் பழைய ஊரோடு போய்விடுகின்றன. போரினால் பெயர்ந்தவர்களுக்கும் இது தெரிந்த கதையே. புதிய இடத்தில் பன்னை விலைக்கு வாங்கிப் பாய் இழைத்தால் மிச்சம் என்ன?

1964இல் லக்சல வந்தது. 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசிய அருங்கலைகள் பேரவையும் அமைந்தது. ஆகவே கதவைத் தட்டுவதற்கு இடமில்லை என்று சொல்ல முடியாது. தட்டும்போது எதைக் கேட்பது என்பதே காரியம். இன்னுமொரு பயிற்சி வகுப்பை என் கருத்துப்படி நாம் கேட்கவேண்டாம். முதலில் காணிக்கு உறுதி. அடுத்தது, அண்மையிலுள்ள குளத்திலும் காட்டிலும் பன்னும் நாரும் எடுக்க எழுத்திலே அனுமதி. மூன்றாவது, பொருளைக் கையளிக்கும் அன்றே பணம்; விற்ற பிறகு தருகிறோம் என்ற ஏற்பாட்டில் நட்டம் முழுவதும் செய்தவர் தலையில்தான் விழும். அடுத்த முறை அதிகாரி பயிற்சிப் பட்டியலோடு வரும்போது, பெயர் பதியுமுன் இந்த மூன்றையும் பெண்கள் குழுவே கேட்கட்டும்.