விரலின் புகழை இலைக்கு விற்பதோ?

கஞ்சாப் புகையின்றி இவ்விசை பிறந்திருக்குமா என்று கேட்பார் உளர். 'எவி மெட்டல்' எனப்படும் வல்லோசை இசையைப் போற்றுவாரிடையே இக்கூற்று மறைமொழி போல் ஓதப்பெறுகின்றது. ஆய்ந்து பார்ப்பின் இது பொய். பொய் மட்டுமன்று; உழைத்தவன் கையினின்று புகழைப் பறித்து ஓர் இலைக்குச் சூட்டும் கொடுமையுமாகும்.

அவ்விசைக்குக் கால்கோள் இட்டவர்கள் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்துத் தொழிலாளர் குடிப் பிள்ளைகளான 'பிளாக் சபாத்து' குழுவினர் நால்வர். அவருள் தோனி அயோமி, 1965-இல், தம் 17-ஆம் அகவையில், தகட்டுத் தொழிலகப் பொறியில் சிக்கி வலக்கையின் இரு விரல் நுனிகளை இழந்தார். இடக்கைப் பழக்கமுடைய அவருக்குக் கித்தார் நரம்பை அழுத்தும் கை அதுவே. அவர் சோர்ந்தாரா? நெகிழிக் குப்பியை உருக்கி விரலுறை செய்தார், மெல்லிய நரம்புகளைத் தேடிப் பூட்டினார், மீண்டும் இசைத்தார்.

1971-இல் வெளிவந்த 'மாசுட்டர் ஆவ் ரியாலிட்டி' என்னும் அவர்தம் இசைத்தட்டைக் காண்க. அதன் முதற்பாடல் 'சுவீட் லீப்', அஃதாவது 'இனிய இலை'. இருமல் ஒலியோடு தொடங்கும் அப்பாடல் கஞ்சாவைக் காதலியைப்போல் விளித்து நன்றி கூறுகின்றது. அதே தட்டின் வேறு சில பாடல்களிலோ, அயோமி நரம்புகளை இயல்பினும் தளர்த்தி மீட்டினார். புண்பட்ட விரலுக்கு நோவு குறைந்தது. ஒலி இடியெனக் கனத்தது. பின்வந்தோர் பலரும் தேடிச்சென்ற கனம் அதுவே. கனத்தைத் தந்தது விரலின் வடு. நன்றி பெற்றதோ இலை! இது முறையா?

அவர்கள் புகைத்தது உண்மை, அதை மறுப்பாரில்லை. ஆயின் புகைத்தார் பல்லாயிரவர், அயோமி ஒருவரே. இலைதான் கலையைத் தருமெனின் மற்றையோர்க்கு ஏன் தரவில்லை?

இலையோடும் நின்றதில்லை. 1972-இல் கோக்கைன் தூளுக்கும் பாட்டெழுந்தது. 1979-இல், குடியும் போதையும் மிஞ்சியமையால், பாடகர் ஆசி ஆசுபோர்னை அக்குழுவே வெளியேற்ற நேர்ந்தது. ஆக்கியது கை, அழித்தது போதை.

பின்வந்தோர் கையை மறந்து இலையைப் பற்றினர். 2000-இல் இங்கிலாந்தின் 'எலெக்ட்ரிக் விசார்டு' குழு வெளியிட்ட 'டோப்துரோன்' அட்டையில் பேயே அமர்ந்து புகைக்கின்றது. அமெரிக்காவின் 'சிலீப்பு' குழு, கஞ்சா அடியார்தம் பாலைவழிச் செலவை ஒரு மணிநேரத்திற்கும் மேலோடும் ஒரே பாடலாக்கிற்று. இசைத்தட்டு நிறுவனம் அதனை ஏற்க மறுத்தது. 2003-இற்றான் 'டோப்சுமோக்கர்' என முழுமையாய் வெளிவந்தது. அத்துணை நீண்ட பாடலைப் பிசகாது இசைப்பதற்கு வேண்டுவது புகையா, பயிற்சியா? தம் உழைப்பைத் தாமே இகழ்ந்து இலைக்கு அடிமை முறி எழுதிக்கொடுத்தனர் என்பதன்றி வேறென்ன சொல்வது?

2025 சூலை 5 அன்று பர்மிங்காமில் நால்வரும் இறுதியாக ஒருங்கே மேடையேறினர். பதினேழு நாள் கழித்து ஆசுபோர்ன் மறைந்தார். அம்மேடையில் முழங்கியவை, அறுபது ஆண்டுகளுக்கு முன் பொறி கவ்விய அதே விரல்கள். புகை அன்றே கலைந்தது. விரலின் உழைப்பே நின்றது.

கலையைப் போற்றுவோர் கையைப் போற்றுக! இலையை வாழ்த்தும் பொய்யைத் தூக்கி எறிக!