ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில கொடுத்துட்டா கடமை முடிஞ்சுதா?

ஐந்தாம் மாத ஸ்கேன். "குழந்தைக்கு இதயத்துல பிரச்சினை இருக்கு, பெரிய ஆஸ்பத்திரியில பாருங்க." அவ்வளவுதான். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுடுவாங்க. வெளியே பெஞ்சுல உறைஞ்சு போய் உட்கார்ந்திருக்கிற அந்தத் தம்பதிக்கு யார் பதில் சொல்றது?

பிறக்கும் 1000 குழந்தைகளில் சுமார் 8 பேருக்குப் பிறவி இதயக் குறைபாடு இருக்கு. இது அபூர்வம் இல்லை மக்களே. "இதயத்துல பிரச்சினை" என்பது ஒரே நோயும் இல்லை. கீழ் அறைச் சுவரில் சின்ன ஓட்டைன்னா பல நேரம் தானாவே மூடிக்கும். ரெண்டு பெரிய ரத்தக்குழாயும் இடம் மாறியிருந்தா, பிறந்ததும் மருந்து ஏற்றி, முதல் சில வாரத்துக்குள்ள அறுவை சிகிச்சை செய்யணும். செஞ்சா பெரும்பாலான குழந்தைகள் பிழைச்சுக்கும். அதுக்கு, பிரசவத்தையே இதய அறுவை சிகிச்சை வசதி இருக்கிற இடத்துல திட்டமிடணும். இடது பக்க இதயமே சரியா வளரலன்னா பல கட்ட அறுவை சிகிச்சை, அதுக்கப்புறமும் உறுதி கிடையாது. (நான் படிச்சது மெக்கானிக்கல். எனக்கே புரியுது. பெத்தவங்களை உட்கார வச்சுச் சொன்னா புரியாதா?)

இப்ப சட்டத்துக்கு வருவோம். 2021 கருக்கலைப்புச் சட்டத் திருத்தப்படி, கடுமையான குறைபாடுன்னு மருத்துவ வாரியம் உறுதி செஞ்சா 24 வார வரம்பு கிடையாது. வாரியம் 3 நாளில் முடிவு சொல்லணும். அந்த விதியில் 'தகுந்த ஆலோசனை' என்ற வார்த்தையும் இருக்கு. எங்கே? கருவைக் கலைக்கிற இடத்தில்! பெத்துக்கலாம்னு நினைக்கிற அம்மாவுக்கு யார் ஆலோசனை சொல்றது?

கலைக்கச் சொல்றதும் பெத்துக்கச் சொல்றதும் எங்க வேலை இல்லை. முடிவு அந்தப் பெண்ணுடையது. ஆனா விவரமே தெரியாம எடுக்கிறதுக்குப் பேர் முடிவா? டாக்டர் பேசாத இடத்துல யார் பேசுறாங்க தெரியுமா? "கிரகணத்தன்னைக்கு வெளியே வந்தே இல்ல"ன்னு மாமியார் பேசுறாங்க. யூடியூப் பேசுது.

குழந்தைகள் இதய அறுவை சிகிச்சைக்கு முதலமைச்சர் காப்பீடு இருக்குன்னு விளம்பரம் பண்றீங்க. சந்தோஷம். அது அந்தக் குடும்பத்துக்கு அன்னைக்கே தெரிய வேண்டாமா?

நாங்க கேட்கிறது இதுதான். குறை தெரிஞ்ச 3 நாளுக்குள்ள குழந்தைகள் இதய நிபுணர் பெற்றோர் ரெண்டு பேரோடயும் பேசணும். அறந்தாங்கியில, ஊத்தங்கரையில இருக்கிறவங்க இதுக்காக சென்னைக்குப் பஸ் ஏறத் தேவையில்லை. இ-சஞ்சீவனி வீடியோ வசதி ஏற்கெனவே இருக்கு. சொன்னதைத் தமிழில் எழுதிக் கொடுங்க. வீட்டுக்குப் போனதும் வர்ற சந்தேகத்தைக் கேட்க ஒரு செவிலியர் நம்பர் கொடுங்க. மேம்பாலம் கட்டுற செலவு இல்லை இது.

சுகாதாரத் துறை அமைச்சர் அவர்களே, எப்ப ஆரம்பிக்கப் போறீங்க?

#பெற்றோருக்குப்_பதில்_சொல்