கிளாரிந்தாவின் பெயரும் சபையின் இலக்கணமும்

தமிழ்ச் சபைகளில் பெண்கள் செய்வதைக் குறிக்க ஒரு சொல் வழங்குகிறது: ஊழியம். ஆண்கள் வகிப்பதைக் குறிக்க வேறொரு சொல் வழங்குகிறது: பொறுப்பு. ஒரே சபை, ஒரே ஞானஸ்நானம், ஒரே திருவிருந்து. ஆயினும் ஒரு சாரார் ஊழியம் செய்கின்றனர். மறு சாரார் பொறுப்பு ஏற்கின்றனர். ஊழியத்துக்கு நன்றி கூறப்படுகிறது. பொறுப்புக்கோ வாக்குரிமையும் கையொப்பமும் தரப்படுகின்றன. இப்பாகுபாட்டை எவரும் தீர்மானமாக எழுதி நிறைவேற்றவில்லை. எழுதப்படாததாலேயே அதனைக் கேள்வி கேட்பதும் அரிதாகிறது.

புனே நகரின் வடமேற்கே, பவனா, முளா ஆகிய ஆறுகள் கூடுமிடத்தை ஒட்டி அமைந்தது சாங்வி. ஆற்றைக் கடந்தால் தாப்போடி. அதற்கப்பால் 1869இல் வெடிமருந்துத் தொழிற்சாலை தோன்றிய கட்கி. படைப்பிரிவும் தொழிற்சாலையும் பிம்பிரி ஆலைகளும் அழைத்து வந்த தமிழ்க் குடும்பங்கள் இப்பகுதியில் தலைமுறைகளாக வாழ்கின்றன. அவற்றுள் லுத்தரன் குடும்பங்களும் உண்டு. தாய்ச்சபை திருச்சியிலோ தரங்கம்பாடியிலோ இருக்க, இங்கு ஒரு வீட்டு முன்னறையோ வாடகை மண்டபமோ ஆலயமாகிறது. இத்தகைய புலம்பெயர் சபை எதனால் நிலைக்கிறது என்று பார்த்தால் விடை வெளிப்படையானது. மராத்தியிலும் ஆங்கிலத்திலும் படிக்கும் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளியில் தமிழ் எழுத்தைக் காட்டி ஞானோபதேசம் சொல்லித் தருபவர் ஒரு பெண். மருத்துவமனையில் கிடப்பவரைச் சென்று காண்பவர் ஒரு பெண். புதிதாக ஊரிலிருந்து வந்திறங்கிய குடும்பத்துக்கு வாடகை வீடு தேடித் தருபவரும், சாவு வீட்டில் முதலில் பாட்டெடுப்பவரும் பெண்ணே. ஆனால் அதே சபையின் ஆண்டுக் கூட்டத்தில் கணக்கு வாசிப்பவர் யார், தாய்ச்சபைக்குக் கடிதம் எழுதுபவர் யார், வருகை தரும் ஆயருக்கு அருகில் நின்று திருவிருந்துக் கிண்ணம் ஏந்துபவர் யார் என்னும் வினாக்களுக்கு விடை பெரும்பாலும் மாறிவிடுகிறது.

இதைச் சுட்டும்போதெல்லாம் ஒரு மறுமொழி ஆயத்தமாக இருக்கிறது. “பெண்களுக்கென்று தனி ஐக்கியமே இருக்கிறதே, அது போதாதா?” பெண்கள் ஐக்கியத்தின் பெருமையை மறுப்பது நன்றியின்மை. தென்தமிழகத்துச் சபைகளில் உலை வைக்கும் வேளையில் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்த பெண்களின் காணிக்கை ஊழியர்களுக்குச் சோறிட்டது. ஆலயங்களுக்குச் சுவரும் எழுப்பியது. வீட்டுக்குள்ளிருந்த பெண்களிடம் சென்று வேதம் வாசித்துக் காட்டிய ‘பைபிள் அம்மா’க்கள் இல்லையேல் அவ்வீடுகளின் வாசல் எந்த ஆண் உபதேசியாருக்கும் திறந்திருக்காது. ஆனால், ஐக்கியம் ஒரு வாசலாக இருப்பது வேறு, வேலியாக இருப்பது வேறு. பெண்கள் தமக்குள் கூடிப் பேசவும் வளரவும் அமைந்த இடம், பெண்கள் பேசவேண்டிய ஒரே இடமாக மாற்றப்பட்டால், அது சபை அளித்த உரிமையன்று. சபைக்குள் வகுக்கப்பட்ட எல்லை.

ஆண்டில் ஒரு நாள் பெண்கள் ஞாயிறு அனுசரிக்கப்படுகிறது. அன்று ஆராதனையைப் பெண்கள் நடத்துகின்றனர், பிரசங்கமும் செய்கின்றனர். மறு ஞாயிறு அனைவரும் பழைய இருக்கைக்குத் திரும்புகின்றனர். பெண் சபையில் போதிப்பதை வேதம் தடை செய்கிறது என்பது உண்மையானால், அத்தடைக்கு ஆண்டில் ஒரு நாள் விடுமுறை அளிக்கும் அதிகாரம் எந்தச் சபைக்கு உண்டு? தடை இல்லையெனில், எஞ்சிய 51 ஞாயிறுகளில் அவர்களை அமர்த்தி வைத்திருப்பது எது? இரண்டில் ஒன்றைத்தான் கூற இயலும். இரண்டையும் ஒருங்கே கூறுவது இறையியலாகாது. வழக்கம் இறையியலின் உடையை அணிந்து நிற்பதாகும்.

அடுத்த மறுமொழி, இக்கோரிக்கை அந்நியமானது, மேனாட்டுப் பெண்ணியத்தின் இறக்குமதி என்பது. இதற்கு வரலாறு தரும் விடை பாளையங்கோட்டையில் இருக்கிறது. தஞ்சையின் மராட்டியப் பிராமணக் குடும்பமொன்றில் பிறந்து, இளமையில் கைம்பெண்ணான கோகிலா, ஆங்கிலேய அதிகாரி ஒருவருடன் வாழ்ந்தவர். அதன் காரணமாகவே அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்க லுத்தரன் மிஷனரியான சுவார்ட்ஸ் முதலில் மறுத்தார். அந்த அதிகாரி இறந்தபின், 1778இல் ஞானஸ்நானம் பெற்றுக் கிளாரிந்தா ஆனார். 1780ஆம் ஆண்டின் பாளையங்கோட்டைச் சபைப் பட்டியலில் 40 பெயர்கள் உள்ளன, முதற்பெயர் அவருடையது. அவரது முயற்சியில் எழுந்த ஆலயத்தை 1785இல் சுவார்ட்ஸ் அர்ப்பணித்தார். அச்சபையின் உபதேசியார் சத்தியநாதன் லுத்தரன் முறைப்படி குருப்பட்டம் பெற்றது 1790இல்தான். குரு வருவதற்கு முன்பே சபை இருந்தது. அச்சபையின் தலைமாட்டில் ஒரு பெண் இருந்தார். பின்னாளில் இந்தியாவின் மிகப் பெரிய சீர்திருத்தச் சபைப் பரப்புகளில் ஒன்றாக வளர்ந்த திருநெல்வேலிக் கிறித்தவத்தின் தொடக்கம் இது. இதில் மேனாட்டுப் பெண்ணியம் எங்கே இருக்கிறது? அந்நியம் எனப்படும் கோரிக்கைதான் இம்மண்ணின் மூத்த வழக்கம். பெண்ணைப் பின்னிருக்கையில் அமர்த்தியதே பின்வந்தது.

சாங்வியில் வாழும் தமிழ் லுத்தரன் ஒருவர் எண்ணிப் பார்க்கத் தக்கது இன்னொன்றும் உண்டு. மராத்தி வழிவந்த ஒரு பெண் தமிழ் நிலத்தில் சபையை நட்டார். தமிழ் வழிவந்த பெண்கள் இன்று மராத்தி நிலத்தில் சபையைக் காத்து நிற்கின்றனர். 1780இல் முதல் வரியில் எழுதப்பட்ட பெயருக்கு, இன்றைய கமிட்டிப் பட்டியலில் எந்த வரி ஒதுக்கப்படுகிறது?

இறையியல் தளத்தில் நேர்மையாகவே பேசலாம். மார்ட்டின் லூதர் பெண்களைப் பிரசங்க மேடைக்கு அழைத்தவர் அல்லர். ஆண்கள் இல்லாத நெருக்கடியில் மட்டுமே அவர் விலக்களித்தார். ஆனால் அவர் 1520இல் முன்வைத்த கொள்கை அவரது தயக்கத்தைவிடப் பெரியது. ஞானஸ்நானம் பெற்ற அனைவரும் ஆசாரியரே என்பது அக்கொள்கை. அதன் பொருளை உடனே உணர்ந்தவர்களுள் ஒருவர் ஆர்குலா ஃபான் குரும்பாக். லூதரின் கருத்துகளை ஏற்றதற்காக ஓர் இளைஞர் இங்கோல்ஸ்டாட் பல்கலைக்கழகத்தில் கட்டாயப்படுத்தப்பட்டபோது, 1523இல் அப்பல்கலைக்கழகத்தின் அறிஞர்களைத் தம்முடன் வேதத்தை வைத்து வாதிடுமாறு எழுத்து மூலம் அழைத்தார். அறிஞர்கள் விடையளிக்கவில்லை. அவர் எழுத்து அச்சேறிப் பல பதிப்புகள் கண்டது. 1530இன் அவுக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 14ஆம் பிரிவு, முறையாக அழைக்கப்படாத எவரும் சபையில் வெளிப்படையாகப் போதிக்கலாகாது என்கிறது. அழைப்பு முறையாக இருக்கவேண்டும் என்பதே நிபந்தனை. அழைக்கப்படுபவர் ஆணாக இருக்கவேண்டும் என்னும் நிபந்தனை அப்பிரிவில் இல்லை. இல்லாத சொல்லை இடையில் செருகி வாசிப்பது அறிக்கைக்குச் செய்யும் மரியாதை ஆகுமா?

மிசௌரி மரபைப் போன்ற சில லுத்தரன் மரபுகள் படைப்பின் ஒழுங்கைக் காட்டிப் பெண்களுக்குக் குருத்துவத்தை மறுக்கின்றன என்பது மெய். அது வாதிட்டு நிற்கும் நிலைப்பாடு. அதனோடு வாதிடவும் முடியும். ஆனால் சுவீடன் திருச்சபையில் 1960 முதல் பெண்கள் குருப்பட்டம் பெறுகின்றனர். தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் வளர்ச்சியில் பங்குகொண்ட திருச்சபை அது. 1984இன் புடாபெஸ்ட் பேரவைக்குப் பின் லுத்தரன் உலகக் கூட்டமைப்பு தன் அவைகளில் பெண்களுக்குக் குறைந்தது 40 விழுக்காடு இடத்தை இலக்காகக் கொண்டது. 2013இல் தென்னிந்தியத் திருச்சபை எகோனி புஷ்பலலிதாவைப் பேராயராக அபிஷேகம் செய்தது. மறுப்பவர்கள் தம் மறுப்பை உலக லுத்தரன் மரபின் ஒருமித்த குரல் என இனிக் கூற இயலாது.

சொற்களுக்கு மீள்வோம், சபை தன் மனத்தை மறைக்க இயலாத இடம் அதன் மொழி. உரோமர் நிருபத்தின் 16ஆம் அதிகாரத்தில் பவுல் பெபேயாளைக் குறிக்கும் கிரேக்கச் சொல் ‘தியாகொனோஸ்’. தமிழ்ப் பழைய திருப்புதல் அதனை ‘ஊழியக்காரி’ என்கிறது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் பவுல் தம்மையும் அப்பொல்லோவையும் அதே சொல்லால் குறிக்கிறார். தமிழ் அங்கு ‘ஊழியக்காரர்’ என்கிறது. மொழிபெயர்ப்பு பெபேயாளையும் பவுலையும் ஒரே வேர்ச்சொல்லில் நிறுத்தியிருக்கிறது. இன்றைய சபைப் பேச்சிலோ ‘ஊழியக்காரர்’ என்றால் பிரசங்கியார். ‘ஊழியக்காரி’ என்றால் உதவிக்கு நிற்பவர். நூல் சமமாக எழுதியதை வழக்கு ஏற்றத்தாழ்வாக வாசிக்கிறது.

‘ஐயர்’ என்னும் விளி அடுத்த சான்று. லுத்தரன் வழக்கில் குருவானவர் ஐயர்; அவர் மனைவி ஐயரம்மா. அப்படியாயின் ஒரு பெண் குருப்பட்டம் பெற்றால் அவரை எவ்வாறு அழைப்பது? ‘ஐயரம்மா’ என்னும் இடம் ஏற்கெனவே மனைவிக்கு உரியதாகிவிட்டது. எனவே ‘பெண் ஆயர்’ என்கின்றனர். ‘ஆண் ஆயர்’ என்று எவரும் கூறுவதில்லை. அடைமொழி தேவைப்படுபவர் விலக்காகவும், அடைமொழியின்றி நிற்பவர் இயல்பாகவும் கருதப்படுவது மொழியியல் மாணவர் எவரும் அறிந்த உண்மை. இதற்குத் தமிழைப் பழிக்க வழியில்லை. ‘ஆயர் வந்தார்’ என்னும் தொடரில் வந்தவர் ஆணா பெண்ணா என்று வினைமுற்று கூறுவதில்லை. ‘ஒருவர்’ என்னும் சொல் ஆண்பால், பெண்பால் இரண்டுக்கும் உரியது எனத் தொல்காப்பியச் சொல்லதிகாரமே வகுத்துவிட்டது. இலக்கணம் திறந்து வைத்த கதவைச் சபைதான் சாத்தி வைத்திருக்கிறது. பாளையங்கோட்டையிலும் இதுவே நேர்ந்தது: கிளாரிந்தா எழுப்பிய ஆலயத்தை ஊர் ‘பாப்பாத்தி அம்மாள் கோயில்’ என்று அழைத்தது. நினைவில் நின்றது பிறந்த சாதி. ஞானஸ்நானத்தில் பெற்ற பெயரன்று.

புனேயிலிருந்து சோலாப்பூர் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில் கேட்காவ் இருக்கிறது. அங்கு முக்தி மிஷனை நிறுவிய பண்டித ராமாபாய், 1880களில் இங்கிலாந்தில் இருந்தபோது, அவர் இளைஞர்களுக்குப் பாடம் சொல்லக்கூடாது என்று இந்தியாவிலிருந்த ஆங்கிலேயப் பேராயர்கள் ஆட்சேபித்தனர். அது இந்தியாவில் அவர் செல்வாக்கைக் கெடுக்கும் என்பது அவர்கள் கூறிய காரணம். தம் தந்தையோ கணவரோ மறுக்காததை இவர்கள் மறுப்பது வியப்பளிக்கிறது என்பது ராமாபாயின் விடை. ‘இந்தியப் பண்பாடு’ என்னும் காரணத்தை இந்தியப் பெண்ணுக்கு எதிராக முதலில் எடுத்து வைத்தவர்கள் யார் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. அவர் பின்னர் எபிரேய, கிரேக்க மூலங்களிலிருந்து வேதாகமத்தை எளிய மராத்தியில் தந்தார். முக்தியின் பெண்களே அச்சுக் கோத்தனர். அவர் 1922இல் மறைந்த பின் 1924இல் முழு வேதாகமம் வெளிவந்தது. வேதத்தை மொழிபெயர்க்கவும் அச்சுக் கோக்கவும் தகுதி பெற்ற கைகளுக்கு, அதனை மேடையில் விரித்து வாசிக்க மட்டும் தகுதி இல்லையா?

பெண்களே இதனைக் கேட்பதில்லை, ஐக்கியத்தோடு அவர்கள் நிறைவாக இருக்கின்றனர் என்பது கடைசி அரண். சிலர் நிறைவாகவே இருக்கலாம். அவர்கள் விருப்பம் மதிக்கத் தக்கது. ஆனால் வாக்களிக்கும் மேசையில் இடமில்லாதவர் அமைதியாக இருப்பதை ஒப்புதலாகக் கணக்கெழுதுவது எந்த முறையியலிலும் செல்லாது. மறுக்கும் வாய்ப்பு இருந்தபின் மறுக்காததே ஒப்புதல்.

கேட்கப்படுபவை பெரியவையல்ல. சபைக் கமிட்டியில் பெண்களுக்குச் சரிபாதி இடமும் கணக்கில் கையொப்பமும் வேண்டும். ஐக்கியத்தின் காணிக்கை எதற்குச் செலவாகிறது என்பதை ஐக்கியமே முடிவு செய்யவேண்டும். ஆராதனை முறைப் பட்டியலில் பெண்கள் ஆண்டு முழுவதும் இடம்பெறவேண்டும். பெண்கள் ஞாயிறு அப்போது கொண்டாட்டமாகலாம், ஈடாக இராது. இறையியல் பயிலச் செல்லும் சபைப் பெண்ணுக்கு, ஆணுக்குக் கிடைக்கும் அதே பரிந்துரைக் கடிதம் கிடைக்கவேண்டும். ஆண்டறிக்கையில் ‘பெண்கள் சிற்றுண்டி ஆயத்தம் செய்தனர்’ என்னும் தொகைச் சொல்லுக்குப் பதிலாக, யார் எதைச் செய்தார் என்று பெயருடன் எழுதப்படவேண்டும்.

இவற்றுள் எதற்கும் புதிய வேதமோ புதிய விசுவாச அறிக்கையோ தேவையில்லை. 1780இல் ஒரு சிறு சபை தன் பட்டியலைத் தொடங்கிய விதத்தை நினைவுகூர்ந்தால் போதும். அன்று எழுதுகோலை எடுத்தவருக்கு முதற்பெயராக யாரை எழுதுவது என்பதில் ஐயம் எழவில்லை.