கானாவை ‘உணர்ச்சி’ என்று பாராட்டாதீர்கள்

“கானாவா? மனசுலேர்ந்து அப்படியே கொட்டுற உணர்ச்சிங்க அது!” பாராட்டுபோலத் தெரியும் இந்தப் பேச்சில் ஒரு சாதிக்கணக்கு இருக்கிறது. சபா மேடைக்கு இலக்கணம், பயிற்சி, ஞானம். நமக்கு வெறும் உணர்ச்சி.

உணர்வைப் பிறருக்குக் கடத்துவதே கலை என்று 1890களில் டால்ஸ்டாய் எழுதினார். உணர்ச்சியைக் கொட்டுவதுதான் கலை என்றால், சாவு வீட்டில் மாரடித்து அழும் தாய்தான் பெரிய கலைஞர். ராயபுரத்தில், திருவொற்றியூரில் மரண கானா பாடும் அண்ணன் செய்வது வேறு. இறந்தவரின் பேர், பார்த்த வேலை, பிள்ளைகளின் பேர் எல்லாம் கேட்டுவாங்கி அங்கேயே மெட்டில் கட்டுகிறார். தாளம் பிசகாமல் விடிய விடியப் பாடுகிறார். அவரும் உடைந்து அழுதால் பாட்டு நின்றுவிடும். துக்கம் எல்லோருக்கும் வரும்; அதைப் பாட்டாக்கும் வித்தை கற்றவருக்கே வரும்.

2017இல் எண்ணூர் கழிமுகத்தில் நின்று டி.எம். கிருஷ்ணா ‘புறம்போக்கு’ பாடினார். அதை நாமும் கருத்து, அரசியல் என்றுதான் பேசினோம். 2018இல் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இடஒதுக்கீட்டை கானாவில் பாடியது. அது மட்டும் எப்படி வெறும் ஆவேசமாகும்? அதுவும் வாதம்தானே?

தோழர்களே, உணர்ச்சி என்று சொன்னால் கைதட்டலோடு அனுப்பிவிடுவார்கள். மேடையும் சம்பளமும் பாடத்திட்டமும் அறிவுக்குத்தான் கிடைக்கின்றன. அடுத்தமுறை கானா கேட்டால் கண்ணீரைப் பற்றி மட்டும் எழுதாதீர்கள். தாளக்கட்டைப் பற்றி எழுதுங்கள். பாடியவர் யாரிடம் கற்றார் என்று கேட்டு எழுதுங்கள்.