பரிசோதனைச்சாலைக் கண்காட்சியும் நமது கடமையும்

பாஞ்சாலங்குறிச்சியில் வருஷந்தோறும் நடைபெறும் வீரசக்கதேவி உற்சவத்துக்குக் கரிசல் சீமையின் நாற்றிசையிலிருந்தும் ஜனங்கள் திரள்கிறார்கள். 1799ஆம் வருஷம் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மனையும், 1801இல் இடிந்த கோட்டையை மண்ணால் மறுபடி எழுப்பிப் போரிட்ட ஊமைத்துரையையும் நினைந்து வணங்குவது தக்க காரியமே. ஆனால் அவ்விதம் திரளும் ஜனங்களில் பெரும்பாலோர் மானாவாரி நிலத்தில் பருத்தியும், மிளகாயும், மக்காச்சோளமும் பயிரிட்டு ஜீவிப்பவர்கள். அவர்களுடைய விளைபொருளுக்கு இன்று விலை கட்டுவது தராசும் படிக்கல்லும் மாத்திரமல்ல. தூரத்து நகரத்திலுள்ள பரிசோதனைச்சாலையின் யந்திரமுங்கூட. அந்த யந்திரம் யாருடையது, அதைச் செய்கிறவர் யார், விற்கிறவர் யார் என்பதைப் பற்றி நம்மவர் சிந்திப்பது அரிதாயிருக்கிறது. ஆகவே அதனைக் குறித்துச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

ஜெர்மனியிலுள்ள மூனிக் நகரத்துக் கண்காட்சி ஸ்தாபனத்தின் இந்தியக் கிளை, 'அனலிடிகா லேப் இந்தியா' என்னும் பெயரால் ஹைதராபாத்திலும் மும்பையிலும் பரிசோதனைச்சாலைக் கருவிகளின் வியாபாரக் கண்காட்சியை நடத்தி வருகிறது. நுண்ணோக்கிகள், தராசுகள், கண்ணாடிக் கலங்கள், ரஸாயனப் பொருள்கள், திரவங்களைப் பிரித்துக் கூறுகூறாய் அளக்கும் குரோமடோகிராப் யந்திரங்கள் முதலியவை அங்கே வரிசை வரிசையாக வைக்கப்படுகின்றன. மருந்துத் தொழிற்சாலைக்காரரும், சர்வகலாசாலைப் பேராசிரியரும், சர்க்கார் அதிகாரிகளும் வந்து பார்த்து, விலை பேசி, உத்தரவு கொடுத்துச் செல்கிறார்கள். இது வெறும் வேடிக்கைக் காட்சியன்று. அடுத்த பத்து வருஷங்களுக்கு நமது பரிசோதனைச்சாலைகள் எந்தக் கம்பெனியின் யந்திரத்துக்கு அடிமைப்பட்டிருக்கும் என்பது பெரும்பாலும் இத்தகைய இடங்களிலேயே நிச்சயமாகிறது.

கரிசல் விவசாயிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். 1960இல் இங்கிலாந்தில் சுமார் ஒரு லக்ஷம் வான்கோழிகள் மாண்டன. பிரேஸிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் ஒருவகைப் பூஞ்சணம் உண்டாக்கிய விஷமே காரணம் என்று தெரிந்தது. அதற்கு அப்ளாடாக்ஸின் என்று பெயரிட்டார்கள். நிலக்கடலை, மக்காச்சோளம், மிளகாய் மூன்றும் இப்பூஞ்சணத்துக்கு இடங்கொடுப்பவை. நேராக உண்ணப்படும் கடலையில் இவ்விஷத்தின் முக்கிய வகை கிலோவுக்கு 2 மைக்ரோகிராமுக்கும், எல்லா வகைகளும் சேர்ந்து 4 மைக்ரோகிராமுக்கும் மேற்படலாகாதென ஐரோப்பிய ஒன்றியம் விதித்திருக்கிறது. அதாவது நூறு கோடிப் பங்கில் இரண்டு அல்லது நான்கு பங்கு. இதைக் கண்ணாலும் நாவாலும் அறிய முடியாது. கருவியே சாக்ஷி சொல்ல வேண்டும். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற நமது கோவில்பட்டிக் கடலை மிட்டாய் கடல் கடந்து செல்ல வேண்டுமானால் இந்தச் சாக்ஷியின் முன் நின்றே தீரவேண்டும்.

சாக்ஷியைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை கக்ஷிக்காரனுக்கு உண்டு என்பது நியாயஸ்தலத்தின் பாலபாடம். மூட்டையில் எந்த இடத்திலிருந்து மாதிரி எடுத்தார்கள்? எவ்வளவு எடுத்தார்கள்? இவ்விஷம் சரக்கு முழுதும் சமமாய்ப் பரவுவதில்லை. ஆயிரக்கணக்கான பருப்புகளில் ஒன்றிரண்டு மாத்திரம் கெட்டிருந்தாலும் முடிவு மாறிவிடும். கருவி எப்போது சரிபார்க்கப்பட்டது? எந்தப் பிரமாணப் பொருளோடு ஒப்பிடப்பட்டது? இக்கேள்விகளைக் கேட்கும் அறிவு விற்கிறவனுக்கு இல்லையானால், வாங்குகிறவன் சொன்னதே தீர்ப்பாகிறது. பருத்தியின் கதியும் இதுவே. இழையின் நீளம், வலிமை, நயம் யாவும் இன்று யந்திரத்தினால் அளக்கப்படுகின்றன. ஸ்விட்ஜர்லாந்தின் ஊஸ்டர் நகரத்துக் கம்பெனி 1957 முதல் வெளியிட்டுவரும் அளவைப் பட்டியல்கள் உலகமெங்கும் நூற்பாலைக்காரருக்கு வேதவாக்காயிருக்கின்றன. 1901 முதல் கோவில்பட்டியில் விவசாய ஆராய்ச்சி நிலையம் இருந்து, கரிசலுக்கேற்ற கருங்கண்ணிப் பருத்தி வகைகளைத் தேர்ந்து கொடுத்திருக்கிறது. விதை நம்முடையது, நிலம் நம்முடையது, அளவுகோல் மாத்திரம் அந்நியருடையது.

மற்றத் தேசத்தார் இந்நிலையை எவ்விதம் கடந்தனர்? லண்டனிலுள்ள பௌதிக சங்கத்தார் 1905 முதலே கருவிக் கண்காட்சிகளை நடத்தலாயினர். ஆயினும் 1914இல் யுத்தம் மூண்டபோது, தொலைநோக்கிக்கும் பீரங்கிக் குறிகாட்டிக்கும் வேண்டிய உயர்தரக் கண்ணாடிக்குச் சத்துருவாகிய ஜெர்மனியையே பெரிதும் நம்பியிருந்ததைப் பிரிட்டன் கண்டு திடுக்கிட்டது. அதன் பின்னரே சொந்த உற்பத்தியில் முனைந்தது. யுத்தத்தில் தோற்ற ஜெர்மனியோ, 1920இல் மாக்ஸ் புக்னர் என்பவரின் முயற்சியால் ஹானோவர் நகரில் 'அகீமா' என்னும் ரஸாயனக் கருவிக் கண்காட்சியைத் தொடங்கியது. அமெரிக்காவில் 1950இல் பிட்ஸ்பர்க் நகரிலும், மூனிக்கில் 1968இலும் இத்தகைய காட்சிகள் ஆரம்பமாயின. ஆராய்ச்சிக்காரனையும் கருவி செய்வோனையும் ஓரிடத்தில் சந்திக்கச் செய்து, முன்னவனின் குறையைப் பின்னவன் கேட்டுத் திருத்தும்படி செய்ததே இக்காட்சிகளின் பெரும்பயன்.

நமக்குத் திறமை இல்லை என்று எவரும் சொல்லற்க. பிரபுல்ல சந்திர ராய் 1901இல் பெங்கால் கெமிகல்ஸ் கம்பெனியை ஸ்தாபித்தார். 1928இல் கல்கத்தாவில் ஸர் சி.வி. ராமன் சில நூறு ரூபாய் பெறுமானமுள்ள எளிய கருவிகளைக் கொண்டு ஒளிச்சிதறலின் ரகஸ்யத்தைக் கண்டார். இன்று அவர் பெயரையே தாங்கிய ராமன் நிறமாலைமானிகள் கண்காட்சிக் கூடங்களில் விற்கப்படுகின்றன. அவற்றிற் பெரும்பாலானவை அந்நியக் கம்பெனிகளின் சரக்கு! இதைவிட வெட்கப்படத்தக்க விஷயம் வேறென்ன வேண்டும்? அம்பாலா நகரில் விஞ்ஞானக் கருவிகள் செய்வது பெருங் கைத்தொழிலாக வளர்ந்திருக்கிறது. நமது காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லக்ஷம் ரூபாயும் அளித்ததனால், 1948இல் அஸ்திவாரமிடப்பட்ட மின்ரஸாயன ஆராய்ச்சிச்சாலை இருக்கிறது. ஹைதராபாத்துக்கு அருகே படான்செருவிலுள்ள சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தார் அப்ளாடாக்ஸினைக் குறைந்த செலவில் கண்டறியும் முறையை உண்டாக்கியிருக்கின்றனர். குறைவது புத்தியன்று; புத்தியைச் சரக்காக்கிச் சந்தைக்குக் கொண்டுவரும் ஏற்பாடே.

இவ்விடத்தில் பாஞ்சாலங்குறிச்சிக்கு அருகேயுள்ள ஒட்டப்பிடாரம் பெற்ற வ.உ. சிதம்பரம் பிள்ளையவர்களின் அனுபவம் நமக்குப் பாடமாகும். 1906இல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவாயிற்று. மறு வருஷம் 'காலியா', 'லாவோ' என்னும் இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தை மளமளவென்று குறைத்தது. 1908இல் பிள்ளையவர்கள் சிறைப்பட்டார். 1911இல் கம்பெனியும் கலைந்தது. அரசாங்கத்தின் அடக்குமுறை முக்கிய காரணமென்பதில் ஐயமில்லை. ஆனால் ஒன்றை மறக்கலாகாது. ஆவேசத்தினால் பங்குப் பணம் திரட்டலாம், கப்பலும் வாங்கலாம். சரக்கு ஏற்றுகிற வியாபாரி நாள்தோறும் வந்தாலன்றிக் கப்பல் ஓடாது. சுதேசிக் கருவித் தொழிலுக்கும் அப்படியே, நிலையாக வாங்குகிறவர் வேண்டும். அவ்விதம் வாங்கத்தக்கவர்களில் முதன்மையானது சர்க்காரே.

சர்க்கார் செய்வது என்ன? 2017இல் உள்நாட்டுச் சரக்குக்கு முதலிடம் தரும் உத்தரவு பிறந்தது, நல்லது. ஆனால் 2024 ஜூலை பட்ஜெட்டில் பரிசோதனைச்சாலை ரஸாயனங்களின் இறக்குமதித் தீர்வையை 10 சதவீதத்திலிருந்து 150 சதவீதமாக ஏற்றினார்கள். சாராயச் சரக்கு அப்பெயரில் வருவதைத் தடுப்பதற்காக என்று காரணம் கூறப்பட்டது. விஞ்ஞானிகள் கூக்குரலிட்டபின், சில தினங்களுக்குள் ஆராய்ச்சி உபயோகத்துக்குப் பழைய 10 சதவீதத்தையே நிபந்தனையுடன் மீண்டும் ஏற்படுத்தினார்கள். கள்ளனைப் பிடிக்க ஊரையே பூட்டிவிட்டுப் பிறகு சாவியைத் தேடுவது ராஜதந்திரமாகாது. தீர்வை ஏற்றுவதால் மாத்திரம் சுதேசித் தொழில் பிறவாது. பிறப்பதற்கு முன்பே ஆராய்ச்சி நின்றுவிடும்.

"விஞ்ஞானத்துக்குத் தேசமில்லை, சிறந்த கருவி எங்கிருந்து வந்தாலென்ன?" என்று சிலர் ஆக்ஷேபிக்கின்றனர். இந்த ஆக்ஷேபத்தில் உண்மை உண்டு. பிழையாய் அளக்கும் கருவியைச் சுதேசி என்பதற்காக ஒருவர் தலையில் கட்டுவது தேசபக்தியன்று, மோசடி. ஆனால் விலைக்கு வாங்கிய யந்திரம் பழுதுபட்டால், அதன் விளக்குக்கும் குழாய்க்கும் பிரமாணப் பொருளுக்கும் ஒவ்வொரு தடவையும் அந்நிய தேசத்தின் கையை எதிர்பார்த்து நிற்பதும் விஞ்ஞானமாகாது. ஒரு கருவியைச் செய்யத் தெரிந்தவனே அதன் சாக்ஷியத்தை முழுதும் சோதிக்க வல்லவன். டெல்லியிலுள்ள தேசிய பௌதிக ஆராய்ச்சிச்சாலையின் மேற்பார்வையில் 'பாரதீய நிர்தேசக் திரவ்ய' என்னும் பிரமாணப் பொருள்கள் வெளிவருவது இந்த வழியில் சரியான அடி.

ஆகவே நாம் வேண்டுவன இவை. கருவி செய்யும் நம்மவர் இக்கண்காட்சிகளில் இடம் பிடித்துத் தம் சரக்கை அந்நியச் சரக்கின் பக்கத்திலேயே வைத்துக் காட்ட வேண்டும். ஸ்டால் வாடகையில் ஒரு பகுதியைச் சிறு தொழில்களுக்குத் திருப்பித் தரும் திட்டம் மத்திய சர்க்காரிடம் இருக்கிறது. அதை அறிந்து உபயோகிக்க வேண்டும். பளபளப்பான விளம்பரப் பத்திரத்தை விட, கருவி சரிபார்க்கப்பட்ட அத்தாட்சியையும், பழுது பார்க்க எத்தனை நாளில் ஆள் வருவான் என்ற வாக்குறுதியையும் முன்வைக்க வேண்டும். குறை சொல்லுகிறவனை விரட்டாமல் அவன் சொல்வதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அவனே வந்தவர்களுள் சிறந்த விருந்தாளி.

பார்க்கப் போகிறவர்களுக்கும் கடமையுண்டு. உழவர் உற்பத்தியாளர் கம்பெனிகளின் நிர்வாகிகளும், கடலை மிட்டாய்த் தொழில் நடத்துவோரும், விவசாயக் கல்லூரி மாணவரும் தங்களுள் இருவர் மூவரையேனும் அனுப்ப வேண்டும். யந்திரத்தின் விலையை மாத்திரம் கேட்டுத் திரும்பலாகாது. ஒரு பரிசோதனைக்கு என்ன செலவு, வருஷத்துக்கு எவ்வளவு மாற்று உறுப்புகள் வேண்டும், மதுரையிலோ திருநெல்வேலியிலோ பழுது பார்ப்போர் உண்டா என்று கேட்க வேண்டும். கண்டதைத் தமிழில் எழுதி ஊரில் படித்துக் காட்டவும் வேண்டும். கோவில்பட்டியில் விவசாயிகளின் கூட்டுறவில் ஒரு சிறு பரிசோதனைச்சாலை ஏற்பட்டு, சரக்கு மண்டிக்குப் போகுமுன் அதன் குணம் விற்கிறவனுக்கே முதலில் தெரியுமானால், பாதி அநியாயம் அன்றைக்கே ஒழியும்.

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைக் கட்டியவர்களுக்கு வீரம் குறையவில்லை. எதிரியின் பீரங்கிக்கு இணையான பீரங்கியே குறைந்தது. அக்குறையை நினைவில் வைப்பதும் அவ்வீரர்களுக்குச் செய்யும் வணக்கமேயாகும். கருவியுள்ளவன் அளக்கிறான், இல்லாதவன் அளக்கப்படுகிறான். நம்மவர் அளக்கும் வரிசையில் சேரத் தாமதிக்கலாகாதென்பதே நமது வேண்டுகோள்.