ரொறன்ரோவும் டொராண்டோவும்

கடந்த கோடை விடுமுறையின்போது இலண்டனில் இருந்தும் சென்னையில் இருந்தும் உறவினர்கள் ஒஸ்லோவிலுள்ள எமது இல்லத்திற்கு வந்திருந்தனர். இங்கே பிறந்து வளர்ந்த எனது பதினொரு வயது மகள் தனது தமிழ்ப் பாடநூலை அவர்களுக்கு உரத்து வாசித்துக் காட்டினாள். "ரொறன்ரோ" என்னும் சொல் வந்ததும், ரயில் என்பதன் முதலெழுத்தைப் போலவே அதனையும் ஒலித்தாள். சென்னைப் பிள்ளைகள் சிரித்தனர். "அது டொராண்டோ" என்று திருத்தினர். அன்று மாலை இலண்டன் பிள்ளை தண்ணீர் கேட்டபோது "வோட்டர்" என்பதன் நடுவிலுள்ள மெய்யைத் தொண்டைக்குள்ளேயே விழுங்கிவிட்டான். அதனை எவரும் திருத்தவில்லை. அந்த வாரம் முழுவதும் என் மகள் தமிழ் நூலைக் கையில் எடுக்கவேயில்லை.

பெற்றோர்களாகிய நாம் இதனைச் சிறு விடயமென ஒதுக்கிவிடலாகாது.

ஆங்கிலத்தின் "ரி" என்னும் எழுத்து பிறக்கும்போது நாவின் நுனி பல்லின் முரசையொட்டித் தொடும். எமது டகரமோ நா மேலே வளைந்து பிறப்பது. யாழ்ப்பாணத்துப் பேச்சில் வெற்றி, பற்று போன்ற சொற்களிலுள்ள றகர இரட்டை, ஆங்கிலத்தின் அந்த ஒலிக்கு மிக அண்மையில் நிற்கின்றது. ஆகவே எம்மவர் காதில் அது டகரமாக விழவில்லை. றகரம் சொல்லின் முதலில் வாராது என்பதனால் அவ்விடத்தில் ரகரத்தை இட்டு ரிக்கற், ரயர், ரெலிபோன் என எழுதினர். தமிழ்நாட்டினர் டிக்கெட், டயர், டெலிபோன் என்கின்றனர். எமது முறையில் ஒலி நுட்பம் உண்டு. ஆனால் ஒரு குறையும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஊரில் வளர்ந்தவருக்கு எந்த ரகரம் எதைக் குறிக்கின்றது என்பது தானாகவே தெரியும். குறூருட் பள்ளத்தாக்கில் வளரும் பிள்ளைக்கு அதனை எவர் சொல்லிக் கொடுத்தார்? அவள் எழுத்தை எழுத்தாகவே வாசித்தாள். பிழை அவளுடையதன்று.

உயிரெழுத்துகளிலும் இதே வேறுபாடு உண்டு. நாம் டொக்டர், கொலிஜ், ஒபிஸ் என்கின்றோம். அவர்கள் டாக்டர், காலேஜ், ஆபிஸ் என்கின்றனர். நோர்வே அங்கே நார்வே ஆகின்றது. பிரித்தானியர் இவ்வுயிரை இதழ் குவித்து ஒலிப்பதால் எமது ஒகரம் அவர்களுக்கு நெருக்கமானது. அமெரிக்கர் பலர் இதழ் குவிக்காமல் வாயைத் திறந்து ஒலிப்பர்; அது தமிழ்நாட்டு ஆகாரத்தை ஒத்தது. இவற்றுள் எது சரி என்று தீர்ப்புக் கூற முற்படுவது வீண் வேலை.

நாம் வாழும் நாடு இவ்விடயத்தில் எமக்கு ஓர் எடுத்துக்காட்டு. கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் இயன்றவரை பிள்ளைகளின் சொந்தப் பேச்சுமொழியிலேயே கற்பிக்க வேண்டும் என நோர்வே நாடாளுமன்றம் 1878 இல் தீர்மானித்தது. வகுப்பறையில் எந்த வழக்கிற் பேசுவது என்பதனை மாணவரும் ஆசிரியருமே முடிவு செய்யலாம் என்பது இன்றும் இந்நாட்டின் விதி. அமைச்சர்கள் தமது ஊர் வழக்கிலேயே நாடாளுமன்றில் உரையாற்றுகின்றனர். குழந்தையைக் குறிக்கும் "பார்ன்" என்னும் சொல்லை ஒஸ்லோவாசிகள் ரகரத்தையும் னகரத்தையும் இணைத்து, ஏறத்தாழ "பாண்" என்றே ஒலிக்கின்றனர். (ஆம், நாம் சம்பலுடன் உண்ணும் அதே பாண்!) பேர்கனில் ரகரம் தொண்டையில் பிறப்பதனால் அவ்விணைப்பு நிகழ்வதில்லை. அதற்காகப் பேர்கன் பிள்ளையை எவரும் வாசிப்பதிலிருந்து விரட்டுவதில்லை. ஆங்கிலத்திலும் நோர்வேஜியர் கூச்சப்படுவதில்லை. 2014 முதல் 2024 வரை நேட்டோவின் செயலாளர் நாயகமாக இருந்த யென்ஸ் ஸ்டொல்ரன்பேர்க், நோர்வேஜியச் சாயல் தெளிவாகக் கேட்கும் ஆங்கிலத்திலேயே உலகத் தலைவர்களுடன் பேசினார்.

நாமோ பெற்றோர் சந்திப்பில் ஆங்கிலமும் பேசாது நோர்வேஜியமும் பேசாது பிள்ளையைப் பேசவிட்டு அமர்ந்திருக்கின்றோம். தந்தையின் உச்சரிப்பைக் கேட்டுப் பிள்ளை தலைகுனிவதையும் கண்டிருக்கின்றேன். வீட்டில் நாமே ஒருவரை ஒருவர் நையாண்டி செய்துவிட்டுப் பிள்ளைகளை மட்டும் குறை கூறுவதில் என்ன நியாயம்? பாடநூல்களில் இத்தகைய சொற்கள் முதன்முறை வருமிடத்தில் இரு வடிவங்களையும் அருகருகே அச்சிட்டால் என்ன? ஒரு வரி போதும். ரொறன்ரோவும் டொராண்டோவும் ஒரே நகரம் என்று தெரிந்த பிள்ளையால் ஈழத்து ஏட்டையும் சென்னை இதழையும் தடையின்றி வாசிக்க முடியும்.

இதையெல்லாம் மகளுக்கு விளக்கிய பின்னர் அவள் மீண்டும் நூலை எடுத்தாள். எடுத்தவள் முதலிற் கேட்டது, வடக்கேயுள்ள ரொம்சோ நகரைத் தமிழில் எப்படி எழுதுவது என்பதைத்தான். ட்ரொம்சோ என்று தாயார் கூறுகின்றார். இன்றுவரை நாம் இருவரும் உடன்படவில்லை.